முக்கு முனியப்பன்

"மேடு போட்டா ஸ்பிரிங் பட்டை ஒடையுமுங்க."

வேகத்தடைக்காகக் கூடிய வீதிக் கூட்டத்தில் முதலில் எழுந்த பேச்சே இதுதான். பேசியவர் வெள்ளியங்கிரி. எங்கள் வீதியில் மூன்று லாரி உள்ளவர் அவர் ஒருவர்தான். அதனால் யாரும் சொல்லாமலே வீதிக்குத் தலைவர்.

"எலும்பு ஒடையறதைப் பத்திப் பேசத்தானுங்க கூப்புட்டீங்க?" என்றாள் பெருமாயி, பின்னால் நின்றபடி.

நாலு பேர் சிரித்தார்கள். வெள்ளியங்கிரியும் சிரித்தார். "எலும்பு தானாக் கூடிக்கும், அம்மிணி. ஸ்பிரிங் பட்டை கூடுமா?"

எங்கள் வீதி சேலம் ரோட்டையும் திருச்செங்கோட்டு ரோட்டையும் சேர்க்கிற வீதி. கடைவீதி நெரிசலில் மாட்டாமல் தப்பிக்க நினைக்கிற லாரியெல்லாம் எங்கள் வாசல் வழியாகத்தான் பாயும். ஒரு பக்கம் வீடுகள், ஒரு பக்கம் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகள். நடுவில் ஒரு முக்கு. இந்தப் பக்கம் வருகிறவனுக்கு அந்தப் பக்கம் தெரியாது. அந்த முக்கில் குறுக்கே கடந்தால்தான் பள்ளிக்கூடம்.

நான் சொல்வது எண்பத்தொன்றாம் வருஷத்து நடப்பு. ஆறு மாதத்துக்குள் அந்த முக்கில் மூன்று அடிபாடு. முதலில் செல்லாயியின் கன்றுக்குட்டி. அடுத்தது மல்லசமுத்திரத்திலிருந்து சைக்கிளில் முட்டை கொண்டுவருகிற ஆள். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் எங்கள் சனம் ஒரு வாரம் பேசியது முட்டையைப் பற்றித்தான். மூன்றாவது, சின்னாயிக் கிழவியின் இடுப்பு.

அதற்கப்புறம்தான் பெருமாயியின் புருஷன் சென்றாயன், லாரியில் மூட்டை ஏற்றுகிறவன், ஒரு முடிவாகச் சொன்னான்.

"மணி இனிமேப் பள்ளிக்கூடம் போக வேண்டாம். தறிப் பட்டறை இந்தப் பக்கந்தானே இருக்குது? அங்க தாட்டி உடு."

மணி என்கிற வசந்தாமணி அவர்களுடைய ஒரே பிள்ளை. ஐந்தாம் வகுப்பு. பட்டறைகளைக் கூட்டி மெழுகுகிற பெருமாயிக்கு அந்தப் பிள்ளை புத்தகத்தை எழுத்துக் கூட்டாமல் படிப்பதில் அப்படி ஒரு பெருமை.

"முக்குல ஒரு மேடு போட்டுட்டா அனுப்புவியா?" என்று அவள் கேட்டாள்.

"போட்டாப் பாக்கலாம்" என்றான் அவன். போடமாட்டார்கள் என்கிற தைரியம்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பெருமாயி என் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, நீங்க எட்டாவது படிச்சவங்க. ஒரு மனு எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். வீதியே கையெழுத்துப் போட்டது. மனுவில் கையெழுத்துப் போட யாருக்கு வலிக்கும்? பெருமாயி வேலையைக் கெடுத்துக்கொண்டு மூன்று முறை நகராட்சி ஆபீசுக்கு நடந்தாள். மூன்றாவது முறை, "மேடு எங்க வேணும்னு உங்க வீதிக்காரங்களே பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்று அனுப்பினார்கள். அதற்குத்தான் இந்தக் கூட்டம்.

"சரி, போடறதுன்னா எங்க போடறது?" என்று கேட்டார் அப்புசாமி. இவரும் என் வீட்டுக்காரர் சுப்பையனும் பாதிப் பாதியாக ஒரு லாரி வைத்திருந்தார்கள்.

"உங்க ஊட்டு முன்னால போட்டுக்கலாமுங்க" என்றார் ஒருவர்.

"என்ற ஊட்டு முன்னாலயா? லோடு வண்டி ஏறி எறங்குனாச் செவுரு வெடிச்சுப் போகும். சின்னண்ணன் ஊட்டு முன்னால போடுங்க. அவரு ஊடு ஏற்கெனவே வெடிச்சதுதான்."

"ஏனுங்க, நான் என்ன பாவம் பண்ணுனேன்?" என்றார் சின்னண்ணன்.

"முக்குல போடுங்க, சாமி. அங்கதானே அடிபடுது?" என்றாள் பெருமாயி.

அப்போது வெள்ளியங்கிரி தொண்டையைச் செருமினார். "நான் ஒண்ணு சொல்றேன். முக்குல மேடு எதுக்கு? ஒரு முனியப்பனை வெச்சுருவோம். போர்டு வெச்சா எந்த டிரைவராச்சும் படிக்கறானா? ஆனாச் சாமியைக் கண்டா எப்பேர்ப்பட்டவனும் வண்டியை அமத்துவான். ஸ்பிரிங் பட்டைக்கும் சேதாரமில்லை."

"அதுதானுங்க நாயம்" என்று பத்துக் குரல் எழுந்தது.

"கும்புடறதுக்கு ரெண்டு கையையும் ஸ்டீரிங்கை உட்டு எடுப்பானுங்களே, அந்த நேரத்துக்கு என்ற புள்ள யாரைக் கும்புடறது?"

"வாயைக் களுவு, பெருமாயி. சாமி காரியத்துல வெளையாடாதே."

அடுத்த அமாவாசைக்கு ஆளுயரக் கல் ஒன்று முக்கில் நின்றது. மஞ்சள், குங்குமம், வேல். ஊரே அதற்கு முக்கு முனியப்பன் என்று பேர் வைத்துவிட்டது.

பொய் சொல்லக் கூடாது, முதல் பத்து நாள் லாரிகள் மெதுவாகத்தான் போயின. டிரைவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். சென்றாயனும், "செரி, போகட்டும்" என்றான். மணி பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். பெருமாயியே ஒருநாள் கல்லுக்கு முன்னால் சூடம் கொளுத்தியதை நான் பார்த்தேன்.

பிறகு வெள்ளியங்கிரியின் நாலாவது லாரி, புதிது, அங்கே பூசை போட்டுக் கிளம்பியது. முதல் நடையிலேயே வடக்கே நல்ல லோடு கிடைத்ததாம். அவ்வளவுதான். பட்டறையில் பாடி கட்டி வெளியே வருகிற வண்டி ஒவ்வொன்றும் முனியப்பனுக்கு முன்னால் வந்து நின்றது. ஓமலூரிலிருந்தெல்லாம் வந்தார்கள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு லாரி, அந்தப் பக்கம் இரண்டு லாரி. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். ஒரு சேவல். கடைசியில் பூசணிக்காயைக் குங்குமம் தடவிச் சுற்றி, நடு ரோட்டில் போட்டு உடைப்பார்கள். உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். அதுதான் வழக்கம். திருஷ்டி கழித்துப் போட்டதைத் தொட்டால், கழிந்தது தொட்டவரைப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே யாரும் தொடவில்லை. நாள் ஒன்றுக்கு ஐந்தாறு பூசணிக்காய். வெயிலில் அது புளித்து, நுரைத்து, விதையும் சதையுமாகத் தாரோடு ஒட்டிக் கிடந்தது. டயர் ஏறி ஏறிச் சேற்றைப் போல வழவழவென்றாகியது. சேவல் ரத்தத்தில் ஈ. எலுமிச்சைத் தோலில் ஈ. காற்று திரும்பினால் வீட்டுக்குள் உட்கார்ந்து சோறு தின்ன முடியாது. மூக்கைப் பொத்திக்கொண்டு போய், கல்லுக்கு முன்னால் மட்டும் கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டு, மறுபடியும் பொத்திக்கொள்வார்கள். என்ன சனமோ!

ஒருநாள் காலையில் பெருமாயி விளக்குமாற்றோடு போய் அதைக் கூட்டினாள். வெள்ளியங்கிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏய், ஏய்! கழிச்சுப் போட்டதையா கூட்டறே?"

"புள்ளைக வழுக்கி உளுகுதுங்க."

"நீ கூட்டுனாக் கண்ணேறு திரும்ப வண்டிக்கே வருமாம். நேத்துப் பூசை போட்டவன் கேட்டா என்ன சொல்றது? பட்டறையில கூட்டறதோட நிறுத்திக்க. இல்லீன்னா அந்த வேலையும் இருக்காது, பாத்துக்க."

அவள் விளக்குமாற்றைக் கீழே போட்டாள். நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். புள்ளி வைத்து முடிக்கிற வரைக்கும் தலை நிமிரவில்லை.

இப்படி இருக்கையில் ஒருநாள் ஓவர்சியர் வந்து சேர்ந்தார். கையில் டேப், பின்னால் ஒரு வண்டி ஜல்லி, ஒரு தார் பீப்பாய்.

"பெருமாயிங்கறது யாரு? உங்க மனு பாஸாயிருச்சு. முக்குல மேடு போடச் சொல்லி ஆர்டர்."

பெருமாயி ஓடி வந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் முட்டியது.

வெள்ளியங்கிரிதான் பேசினார். "ஏனுங்க, அங்க மேடு போட்டாப் பூசைக்கு வண்டிய எங்க நிறுத்தறது? சாமி வாசல்ல போய் மேடு போடலாமுங்களா?"

"மனு குடுத்தது நீங்கதானே?"

"அது சாமி வரதுக்கு முந்தி. இப்ப அடிபாடே இல்லீங்களே."

ஓவர்சியர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அப்ப வேண்டாம்னு எழுதிக் குடுத்துருங்க. எனக்கும் ஜல்லி வேற எடத்துக்கு வேணும். அன்னைக்குக் கையெழுத்துப் போட்டவங்களே போடோணும்."

என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். "சௌந்திரம், ஒரு காயிதத்துல எழுதிக் குடு."

"மனுவ எழுதுனதே நாந்தானுங்களே. அவ மொகத்துல எப்புடி முழிக்கறது?"

"நம்ம வண்டி அடுத்த மாசம் புதுப் பாடி கட்டி வருது. வெள்ளியங்கிரி அண்ணனைப் பகைச்சுட்டு அங்க பூசை போட முடியுமா? எழுது."

எழுதினேன். "எங்கள் வீதியில் அருள்மிகு முனியப்ப சுவாமி எழுந்தருளிய நாள் முதல் விபத்து ஏதும் இல்லாதபடியால், வேகத்தடை தேவையில்லை என்று தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்." எழுத்து குண்டு குண்டாக, வரி கோணாமல் வந்தது. முதல் கையெழுத்தும் என்னுடையதுதான்.

பெருமாயியிடம் மைப் பெட்டியை நீட்டினார்கள். அவள் கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

"என்ற புள்ள படிக்கோணுமுங்க" என்றாள்.

"ஒரு கைநாட்டு கொறைஞ்சாப் பரவால்லை" என்றார் ஓவர்சியர். ஜல்லி வண்டி திரும்பிப் போனது.

அதற்கு மூன்றாம் வாரம், வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விடுகிற நேரம். முனியப்பனுக்கு முன்னால் நாலு புது லாரி. எதிரே பட்டறை வாசலைப் பெருமாயி கூட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். சேலம் ரோட்டுப் பக்கமிருந்து ஒரு போர் வண்டி, ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரி, வந்தது. நான் கண்ணால் பார்த்தேன், அவன் வேகமாகக்கூட வரவில்லை. சாமியைக் கண்டு பிரேக்கை மிதித்தான். வண்டி நிற்கவில்லை. பூசணிச் சதையில் சறுக்கிக்கொண்டே பக்கவாட்டில் வந்தது. இரண்டு லாரிக்கு நடுவிலிருந்து மணி வெளியே வந்தாள்.

சத்தம் பிள்ளையுடையதா, பெருமாயியுடையதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உயிர் தப்பியது. பதினெட்டு நாள் கழித்து, இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டோடு கொண்டுவந்து வீட்டில் கிடத்தினார்கள்.

வீதியில் அடிபட்ட அன்றைக்கே பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"முனியப்பன் இருக்கப் போய்த்தானுங்க காலோட போச்சு."

"இல்லீன்னா உசுரே போயிருக்கும்."

"மேடு போட்டிருந்தா மட்டும் என்ன ஆயிருக்கும்? மேட்டுக்குச் சக்தி இருக்குதா?"

பிள்ளையைக் காப்பாற்றியதற்காக முனியப்பனுக்குப் பொங்கல் வைத்தார்கள். கல்லுக்கு மேலே புதிதாகத் தகரக் கொட்டகை. அன்றைக்கும் பூசணிக்காய் உடைத்தார்கள், அதே இடத்தில். பொங்கலைத் தட்டில் ஏந்தி வெள்ளியங்கிரியே பெருமாயி வீட்டுக்குப் போனார். வீதிச் சனம் பின்னால் போனது. நானும் போனேன்.

"ஏம்மிணி, உன்ற புள்ளைக்காவத்தான் வெச்சது. சாமிக்கு நன்றி சொல்லிட்டு வாயில போடு."

பெருமாயி வாசற்படியில் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"ஒரு காலுக்கு இவ்வளவு பொங்கலுங்களா? ரெண்டும் போயிருந்தாக் கெடா வெட்டியிருப்பீங்களாட்ட இருக்குது."

"இது என்ன பேச்சு?"

"அந்தாலே வெச்சுட்டுப் போங்க. நாய் வரும்."

"த்தூ, திமிரு" என்று எவளோ பின்னாலிருந்து துப்பினாள். தட்டு திரும்பிவிட்டது. வழியில் எல்லோருக்கும் ஆளுக்கொரு கை பிட்டுக் கொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள். வாங்கித் தின்றேன். வெல்லம் தூக்கலாக இருந்தது. வீட்டுக்கு வந்து வாயைக் கொப்புளித்தேன், போகவில்லை. மறுபடி கொப்புளித்தேன்.

மாவுக்கட்டைத் தொடை அளவுக்குக் குறைத்த பிறகு சென்றாயன் பழைய பேச்சை எடுத்தானாம். "தறிப் பட்டறையில உக்காந்துக்கிட்டே வேலை செய்யலாம், அதுக்குக் காலு எதுக்கு?" அன்றைக்கு அந்த வீட்டில் என்ன சண்டை நடந்ததோ தெரியாது. மறுநாள் காலையில் பெருமாயி மணியை முதுகில் தூக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். கட்டுப் போட்ட கால் ஒரு பக்கம் மரக்கட்டை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. புத்தகப் பை பெருமாயியின் கழுத்தில்.

ஓரத்தில் நடக்கவில்லை. ரோட்டுக்கு நட்ட நடுவில், அவளுக்கு எப்படி முடியுமோ அப்படி நடந்தாள். பின்னால் ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"ஏம்மா, ஓரமாப் போறதுக்கென்ன?"

"ஓரத்துல உங்க வண்டிகதானுங்க நிக்குது."

வெள்ளியங்கிரி தகரக் கொட்டகையிலிருந்து கத்தினார். "வண்டிக்கு நேரமாகுது, பெருமாயி! லோடு ஏத்தோணும்!"

"எனக்கும் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகுதுங்க."

என் வாசலைத் தாண்டும்போது நான் இரண்டு எட்டு முன்னால் வந்தேன். "பெருமாயி, அந்தப் பையையாவது இப்படிக் குடு. நான் கொண்டாந்து உடறேன்."

"வேண்டாமுங்க, அக்கா."

எப்போதும் போல மரியாதையாகத்தான் சொன்னாள். ஒரு பேச்சுக்காவது என்னைத் திட்டியிருக்கலாம்.

அவளுக்குப் பின்னால் நாலு லாரி ஊர்ந்தது. ஹாரன் சத்தத்தில் வீதியே வாசலுக்கு வந்து நின்றது. பிள்ளைக்கு வெட்கம். அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"எறக்கி உடும்மா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும் கண்ணு. பாக்கறதுக்குத்தானே ஊட்டுக்கு ஊடு வாசல் வெச்சுக் கட்டியிருக்கறாங்க" என்றாள் பெருமாயி.