திரையில் ஓடும் கார்டு

குளிர்காலம். காலை மணி எட்டை நெருங்கியும் பொழுது இன்னும் புலரவில்லை. பிரான்சின் மார்சேய் பக்கத்து மிஸ்த்ரால் காற்று பட்டறையின் தகரக் கூரையைப் போட்டு அறைந்துகொண்டிருந்தது. நான் வெள்ளை மருத்துவக் காப்பீட்டுக் கார்டுகளைக் கட்டுக்கட்டாக எந்திரத்துக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். உருகிய பிளாஸ்டிக் நாற்றம் தொண்டையில் ஒட்டிக்கொண்டால் காப்பி குடித்தாலும் போகாது. எந்திரம் ஒவ்வொரு கார்டின் மின்சில்லையும் கவ்வி, அதற்குள் யாரோ ஒரு நோயாளியின் விவரத்தை எழுதி, பிறகு சூட்டு அச்சை இறக்கிப் பெயரைப் பொறிக்கும். எழுதும்போது கார்டு ஒரு மயிரிழை அசைந்தாலும் மின்தொடர்பு அறுந்துவிடும். கார்டு செத்துப்போகும், எந்திரம் அதைக் கவ்வியபடியே விறைத்து நிற்கும்.

அன்றும் விறைத்தது.

"சனியன், திரும்பவும் முழுங்கிக்கிச்சு, ஜிஸ்லேன்!" என்று என்னிடம் கத்தியபடி, அதே எந்திரத்தில் என் ஜோடியான யாமினா மூடியைத் திறந்து கையை விட்டாள். மூடி திறந்தால் எந்திரம் தானே அணைய வேண்டும். வேலை தடைபடுகிறதென்று முதலாளி வய்யார் அப்படி அணைக்கும் விசை வேலை செய்யாதபடி அதன்மேல் நாடா ஒட்டி வைக்கச் சொல்லியிருந்தார். யாமினா கார்டை உருவியதும் எந்திரத்துக்கு உயிர் வந்தது. அச்சு இறங்கியது.

அந்த அலறலை எழுத எனக்கு வராது. இரத்தம் வெள்ளைக் கார்டுகளின்மேல் தெறித்தது. இரண்டு விரல்கள் போய்விட்டன.

ஆம்புலன்ஸ் கிளம்பியதும் வய்யார் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"எந்திரத்துக்குள்ள கைய விடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

"விடாம எப்படி எடுக்கிறது, முசியே வய்யார்? போன வருஷம் கார்டு இப்படிச் சாகலையே?" என்றேன்.

அவர் தோளைக் குலுக்கினார். "அத மேல்மாடில கேளுங்க. புரோகிராம் எழுதினவன் லியோனெல். அவன் எழுத்துதான் அவ விரல எடுத்துச்சு."

அவ்வளவுதான். முப்பது பேர் படியேறி ஓடினோம். எங்களோடு வேலை பார்க்கும் செர்ழ் கேள்வியே கேட்கவில்லை. லியோனெலை நாற்காலியோடு தூக்கி மூக்கில் ஒரு குத்து விட்டான். அவன் மூக்குக் கண்ணாடி பறந்தது. பையன் சுவரோரம் சரிந்தான். நானும் ஓர் உதை விட்டிருப்பேன்.

"நான் எழுதினதுதான்," என்றான் அவன், இரத்தத்தைத் துப்பிவிட்டு. "ஆனா அதச் சோதிக்கிறதுக்கு முதலாளி எதக் குடுத்தாரு தெரியுமா? போன வருஷம் வரைக்கும் ஒரு பெட்டி இருந்துச்சு. நிஜக் கார்டச் செருகி, பாதி எழுத்துல மின்சாரத்த அறுத்து, அது பொழைக்குதா சாகுதான்னு பாப்போம். இந்த வருஷம் மலிவா ஒரு கருவி வாங்குனாரு. அதுல கார்டே கிடையாது, திரையில ஒரு பொம்மக் கார்டுதான் ஓடும். அதுக்கு எல்லாமே சரிதான். வேண்டாம்னு புரோகிராம் எழுதுற நாங்க எட்டுப் பேரும் சொன்னோம். இன்னிக்கி இன்னும் ரெண்டு வருஷத்துக்கு அதுக்கே கையெழுத்துப் போடப்போறாரு. அத விக்கிறவன் அந்தக் கூட்ட ரூம்லதான் உக்காந்திருக்கான்."

"அப்போ இன்னும் ரெண்டு வருஷம் நாங்க கைய விட்டுக்கிட்டே இருக்கணுமா?" என்றேன்.

செர்ழ் தன் கழுத்துத் துணியை அவிழ்த்து லியோனெலிடம் நீட்டினான்.

"மூக்கு ஒடஞ்சிடுச்சாடா?"

"ஒடைக்கத்தானே வந்த?"

எங்களுக்குப் பின்னால் ஏறி வந்த வய்யார் அதற்குள் கூட்ட அறைக்குள் புகுந்து உள்ளே பூட்டிக்கொண்டிருந்தார். செர்ழ் கண்ணாடிக் கதவை உதைத்துச் சில்லுச் சில்லாக்கினான். விற்பனைக்காரன் மேசைக்கடியில் பதுங்கினான். வய்யார் மட்டும் அசையவில்லை. மனுஷனுக்கு என்ன நெஞ்சழுத்தம்! கணினியை எங்கள் பக்கம் திருப்பினார். பச்சைக் கோடுகள் வரிசையாக ஓடின.

"பாருங்க. ஆயிரம் கார்டு ஓடிருச்சு, ஒண்ணுகூடச் சாகல. கருவி மேல என்ன தப்பு?"

"எழுதுறப்ப ஒரு கார்டப் பிடுங்கிக் காட்டுங்க முசியே," என்றான் லியோனெல்.

"திரைக்குள்ள இருக்கறத எப்படிடா பிடுங்குறது?"

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டது அவருக்கு உறைத்தது. முகம் வெளுத்தது.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "நீ வா கீழ!" என்று கழுத்துப் பட்டையைப் பற்றி இழுத்தேன். ஒன்பது வருடத்தில் ஒருநாளும் அவரை நீ என்றதில்லை. படியெல்லாம் இழுத்துக்கொண்டு வந்தோம். சட்டை கிழிந்தது, முழங்கால் சிராய்ந்தது, யாரோ முதுகில் குத்தினார்கள். எந்திரம் இன்னும் இரத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது.

"உன் கருவி நல்ல கருவிதானே? விடு கைய!" செர்ழ் அவர் மணிக்கட்டை முறுக்கி எந்திர வாய்க்குக் கொண்டுபோனான்.

"வேண்டாம்! ஐயோ, வேண்டாம்!"

"தள்ளு! தள்ளு!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். நானும் கத்தினேன். அச்சு ஏறி இறங்கியது. விரல்களுக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண்தான்.

சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தது லியோனெல். எந்திரம் நின்றது.

"இவர் கை நமக்கு எதுக்கு?" மூச்சு வாங்கக் கேட்டான். "யாமினாவுக்கு விரல் முளைக்குமா? இந்த எந்திரம் நிக்கணும். நிஜக் கார்டுல சோதிக்கிற பெட்டி வரணும். எந்தக் கருவி வாங்குறதுன்னு எழுதுறவங்களும் ஓட்டுறவங்களும் சேந்து சொல்லணும். அதுவரைக்கும் நான் ஒரு வரி எழுத மாட்டேன்."

செர்ழ் கையை விட்டான். வய்யார் தரையில் பொத்தென்று விழுந்து அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கை முழுதாக இருந்ததில் எனக்கு ஒரு நிம்மதி.

எல்லா எந்திரங்களையும் அணைத்தோம். வாசலின் இரும்புத் திரையை இறக்கி, அதன் முன்னால் கார்டுப் பெட்டிகளை அடுக்கினோம். வெளியே, அடுத்த முறை வேலைக்கு வந்த எங்கள் ஆட்கள் பழைய டயர்களைக் கொளுத்தினார்கள். கறும்புகை கதவிடுக்கு வழியே வந்து கண்ணைக் கரித்தது. கொஞ்ச நேரத்தில் கலவரப் போலீஸ் வந்துவிட்டது. தடியடிச் சத்தம் கேட்டது, ஒரு பெண் வீறிட்டாள், இரும்புத் திரை குலுங்கியது.

போலீஸின் ஒலிபெருக்கி முழங்கியது: "மேல்மாடி ஊழியர்கள் வெளியே வரலாம். அவர்கள்மேல் வழக்கு இருக்காது."

வய்யார் தலை நிமிர்ந்தார். "போங்கப்பா. நீங்க படிச்சவங்க. இது உங்க சண்டை இல்ல."

மேல்மாடிக்காரர்கள் எட்டுப் பேரும் எங்களோடு தரையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. லியோனெல் இன்னும் நெருங்கி உட்கார்ந்து, செர்ழின் முழங்கைக்குள் தன் கையைக் கோத்துக்கொண்டான்.

இரும்புத் திரையின்மேல் போலீஸின் முதல் இடி விழுந்தது. நாங்கள் எல்லோரும் கை கோத்துப் பிடியை இறுக்கிக்கொண்டோம்.