பினாயில் இல்லாத வீடு

என் மனைவிக்குச் சுத்தம் என்பது கண்ணுக்குத் தெரிந்தால் போதாது, மூக்கில் ஏற வேண்டும். பினாயில் மணக்காத தரையை அவள் தரையாகவே மதிக்க மாட்டாள். வேலைக்குப் போகத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே எங்கள் ஒரே மகள், தோழி ஒருத்தியோடு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பெட்டியை மூடும்போது அவள் சொன்னது ஒன்றுதான்: "இந்த வீட்டுல மூச்சு விட முடியலம்மா."

மனைவி அன்று பூராவும் அழுதாள். மறுநாள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"பினாயில்தாங்க. பாவம், அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே எந்த நெடியும் ஆகாது."

பினாயில் பாவம், அது என்ன செய்யும்? மகள் டீயைக் குடித்து முடிப்பதற்குள் டம்ளருக்குக் கை நீட்டுவாள் இவள். அவள் குளித்துவிட்டு வந்தால் பின்னாலேயே ஈரக் காலடியைத் துடைத்துக்கொண்டு வருவாள். அவள் மடித்து வைத்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பாள். இதையெல்லாம் நான் எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டு அதே வீட்டில் நான் குடியிருக்க வேண்டாமா? "இருக்கும், இருக்கும்" என்று தலையாட்டி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறேன் என்று மகள் போன் செய்ததும் மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. எப்படியாவது அவளைத் திரும்ப வீட்டோடு வைத்துக்கொண்டுவிட வேண்டும். பினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர் எல்லாவற்றையும் தலைமுழுகினாள். ரசாயனத்தைத் தொடாமல், சுற்றுச்சூழலுக்குக் கேடு வராமல் வீட்டைச் சுத்தம் செய்து தரும் கம்பெனி ஒன்றைத் தேடிப் பிடித்தாள். சனிக்கிழமை ஆள் வருகிறது என்றார்கள். வெள்ளிக்கிழமை முழுக்க இவளே வீட்டைத் தேய்த்துக் கழுவினாள்.

"நாளைக்குத்தான் ஆள் வருதே," என்றேன்.

"வர்றவங்க பாத்தா என்ன நினைப்பாங்க?"

பச்சை ஏப்ரன் கட்டிய இரண்டு பெண்கள் வந்தார்கள். மூத்தவள் வினிகர், சமையல் சோடா, எலுமிச்சைத் தோல் ஊறிய தண்ணீர் என்று எடுத்து வைத்தாள்.

"இவ்வளவுதானா? நுரை வராதா?" என்றாள் மனைவி.

"வராது மேடம்."

"வாசனை?"

"கொஞ்ச நேரத்துல போயிடும்."

"அப்ப சுத்தமாயிடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

மூத்தவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

வேலை தொடங்கியது. அவர்கள் துடைத்த இடத்தையெல்லாம் இவள் விரலால் தடவிப் பார்த்தாள். குழாயைத் தேய்த்தால் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். அவர்கள் பிழிந்த துணியை வாங்கி மறுபடி பிழிந்தாள். குளியலறையில் தேய்த்துக்கொண்டிருந்த மூத்தவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. கொஞ்ச நேரம் ஹால்ல போய் உக்காருங்க. மூச்சு விட முடியல."

மனைவி காற்றை மோந்து பார்த்தாள். "இன்னுமா பினாயில் நாத்தம் இருக்கு?"

"நாத்தமெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம். நீங்கதான் நகர மாட்டேங்கறீங்க."

மனைவி ஹாலுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். அவள் அப்படிச் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"என்னங்க, பொண்ணு சொன்னதும் பினாயிலை இல்லையா?"

"இல்ல."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

அதற்கும் அவள் திட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். கைப்பையைச் சோபாவில் எறிந்தாள். தண்ணீர் குடித்து மேசையில் சொட்ட விட்டாள். மனைவி இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள். அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சாப்பிட உட்காரும்போது மகளின் முகம் தெளிந்திருந்தது.

"வீடு நெடியே இல்லாம நல்லா இருக்கும்மா. யாரு வந்து பண்ணாங்க? நம்பர் குடேன்."

"உனக்கு எதுக்குடி?"

"என் கூட இருக்கறவ காலி பண்ணிட்டுப் போறேங்கறா. உன்கூட இருந்தா மூச்சு விட முடியலன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றா. நான் போடற பினாயில் அவளுக்கு ஒத்துக்கல போல. அவ போயிட்டா நான் மட்டும் எப்படி வாடகை கட்டறது? மூட்டையைக் கட்டிக்கிட்டு இங்கதான் வரணும்."

சொல்லிக்கொண்டே எழுந்து என் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவப் போட்டாள். நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.

மனைவி என்னைப் பார்த்தாள். நேற்று அவளுக்கு உறைத்ததை மகளுக்கு எடுத்துச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அந்தத் தோழியும் போக மாட்டாள், மகளும் நிம்மதியாக இருப்பாள், அங்கேயே.

மனைவி போய்ப் போனை எடுத்து வந்தாள். "நல்ல கம்பெனிடி. பினாயில் நெடியே இருக்காது. கட்டாயம் கூப்பிடு," என்று சொல்லி நம்பரை நிதானமாகப் படித்துக் காட்டினாள்.

மகள் கிளம்பிப் போனதும், அவள் அறைக் கட்டிலுக்குப் புது விரிப்பு ஒன்று எடுத்துத் தரச் சொன்னாள் மனைவி. எடுத்துக் கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை. பெண் வீட்டுக்கு வருவது எனக்கு மட்டும் கசக்குமா?