வெங்கடம்மாளின் பசுவும் ஊர் சுற்றிய சுழியும்

வெள்ளகோவிலுக்குத் தெற்கே புளியம்பாடியில், சென்ற கார்த்திகை மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை ஆறரைக்கும் ஏழேகாலுக்கும் நடுவில், வெங்கடம்மாளின் சாம்பல் நிற மயிலைப் பசுவின் முதுகில் இருந்த சுழி இறங்கி வயிற்றுப் பக்கம் போய்விட்டது. அன்று லேசான தூறல். தக்காளி கிலோ இருபத்தெட்டு ரூபாய்.

சுழி என்பது தோலில் முடி வட்டமாகச் சுற்றிப் படிந்திருக்கும் இடம். மனிதருக்கு உச்சந்தலையில் இருப்பதுபோல மாட்டுக்கு உடம்பில் எங்காவது இருக்கும். காங்கயம் மாடு வாங்குகிறவர்கள் பல்லைப் பிடித்துப் பார்க்கும் முன் சுழியைத் தேடுவார்கள். வெங்கடம்மாள் தேடவில்லை. மகன் மிதுன் ஓசூருக்கு வேலைக்குப் போன பிறகு, அந்த வீட்டில் அவள் பேசினால் திரும்பிப் பார்க்கிற ஒரே உயிர் அந்தப் பசுதான்; கணவர் தமிழ்ச்செல்வன் போனைத்தான் பார்ப்பார். ஆனால் பசு வந்த நான்கு மாதத்தில் போர்வெல் வற்றியது, மோட்டார் இரண்டு தடவை புகைந்தது, தமிழ்ச்செல்வன் பைக்கோடு வாய்க்காலில் விழுந்தார். மாட்டுத் தரகர் சென்னியப்பன் வந்து முதுகைத் தடவிப் பார்த்து, "இந்தச் சுழி ஊட்டுக்காரனை ஒக்கார உடாதுங்க. திங்கக்கெழம ஏத்திப்போடலாம்" என்றார். ஆகாத சுழி மாட்டை வளர்க்க யாரும் வாங்க மாட்டார்கள், கறிக்குப் போகும் லாரிதான் வாங்கும் என்பது வெங்கடம்மாளுக்கும் தெரியும். "போர்வெல்லு ஊருக்கே வத்திப்போச்சுங்க. ஊருக்கெல்லாமா சுழி இருக்குது?" என்று கணவரிடம் கேட்டாள். அவர் போனை எடுத்தார். ஞாயிறு மாலை பால் கறந்து முடித்தவள், சுழியின் மேல் உள்ளங்கையை வைத்து, "கண்ணு, கொஞ்சம் தள்ளி ஒக்காந்துக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் லாரியோடு வந்த சென்னியப்பன் வயிற்றில் சுழியைக் கண்டார். தொழிலில் பொய் சொல்லாதவர். "இது பால் பெருகுற சுழிங்க" என்று ஒப்புக்கொண்டார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அது கழுத்துக்கு ஏறியது. மத்தியானத்துக்குள் பதினோரு இடம் மாறியது. அதில் ஆறு நல்லது, நான்கு ஆகாதது, ஒன்றுக்குப் பலனே யாரும் சொல்லி வைக்கவில்லை. லாரிக்காரர் என்ஜினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார், பிறகு வேறு லோடுக்குப் போய்விட்டார்.

தமிழ்ச்செல்வனின் அக்கா மகள் ரித்திகா கோயமுத்தூரில் தோலைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். புதன்கிழமை லென்ஸோடு வந்து பசுவின் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்தாள். "தோலு கீழ புதுசாப் பொறந்து, மேல ஏறி, உதிர்ந்துட்டே இருக்குமுங்க அத்தை. ஆனா ஒவ்வொரு செல்லுக்கும் மேல எது கீழ எது, தலைப்பக்கம் எது வால்பக்கம் எதுன்னு தெரியும். பக்கத்து செல்லைக் கேட்டுக் கேட்டுத்தான் முடி ஒரே பக்கமாச் சாயுது. அதனாலதான் தோலே மாறுனாலும் சுழி மாறாது."

"அப்ப இது ஏன் கண்ணு நகருது?"

"அதுதானுங்க புரியலை. நீங்க ஏதாச்சும் செஞ்சீங்களா?"

"ஒண்ணும் செய்யலை சாமி. தள்ளிக்கச் சொல்லிக் கேட்டேன்."

ரித்திகா அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பசுவின் உடம்பில் சுழியே இல்லை. சென்னியப்பனின் இடது கன்னத்துத் தாடியில் இருந்தது. அவருடைய கணக்குப்படி அந்த இடத்துச் சுழி குடும்பத்தைக் கலைக்கும். அவர் மனைவி சோற்றைப் போட்டபடி, "உங்களை எந்தச் சந்தைக்குங்க ஓட்டறது?" என்று கேட்டார். சவரம் செய்தால் மறுபடி சுற்றிக்கொண்டே முளைத்தது. ஒன்பது நாள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு திரிந்தவர், ரித்திகா நோட்டில் எழுதியதைக் கேள்விப்பட்டு, பத்தாம் நாள் வெங்கடம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அம்மணி, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போயிருமுங்க."

வெங்கடம்மாள் வெயிலில் நின்ற அந்த மனிதரைப் பார்த்தாள். கோபம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. "மாடு?"

"மாடு உங்க ஊட்டுலயே இருக்கட்டுங்க. இனி சுழின்னு வாயே தொறக்க மாட்டேன்."

மூன்றடி தள்ளி நின்றே, "தள்ளிக்க கண்ணு" என்றாள். கன்னம் சமமாயிற்று. உள்ளே தமிழ்ச்செல்வன் போனைக் கீழே வைத்துவிட்டு, பசுவுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

சுழி அதன் பிறகு எங்கும் நிலைக்கவில்லை. தபால்காரரின் முழங்கை, கவுன்சிலரின் மீசை, ஓர் ஆட்டுக்குட்டியின் காது என்று மூன்று நாளைக்கு மேல் தங்காமல் சுற்றியது. சித்திரைக்குள் அது போகாத வீடு இல்லை. இதற்கிடையில் இரண்டு போர்வெல்லில் தண்ணீர் வந்தது, ஒரு நிச்சயதார்த்தம் நின்றது, ஒரு பெண் பாங்க் பரீட்சையில் தேறினாள். எது எந்தச் சுழியால் என்று கணக்குப் பார்க்க ஊரில் யாருக்கும் பொறுமை இல்லை. இப்போதெல்லாம் முடிதிருத்தும் ரசாக், துணியைப் போர்த்துவதற்கு முன், "இன்னைக்கு அது உங்ககிட்டீங்களா?" என்று கேட்கிறார். ஆமாம் என்றால், எங்கே என்று தடவிப் பார்த்து, அது சுற்றும் பக்கமாகவே வெட்டிவிடுகிறார். கட்டணம் எல்லாருக்கும் ஒன்றுதான்.