பெயரை நீக்கினால்

1

இந்தக் கதை பெங்களூர் போகும் காலை ரயிலில் கிடைத்தது. பக்கத்து இருக்கையில் ஐடா, மடிக்கணினியில் ஒரே வரியை எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள். என் பிழைப்பும் அதுதான் என்பதால் விசாரித்தேன்.

'சாம்பியன் ரீப்ஸில் பனி இறங்கிய ஒரு' என்று தொடங்கினேன். வேண்டாம். ஐடாவுக்குப் பனியைப் பார்க்க நேரமில்லை.

2

எங்கள் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கம் மூடியபின் பிழைப்புத் தேடிப் போன ஆண்களைப் பற்றி, இங்கேயே இருந்துவிட்ட பெண்களின் பேச்சைப் பதிவு செய்ய ஐடா ஆய்வு நிதி கேட்கிறாள். விண்ணப்பத்தோடு ஒரு திட்டமும் தரவேண்டும்: பதிவுகளை எங்கே வைப்பாய், யாருக்குத் திறந்துவிடுவாய், பேசியவரின் அடையாளத்தை எப்படி மறைப்பாய்? (கொட்டாவி விடாதீர்கள். கதை இங்கேதான் இருக்கிறது.)

மாதிரிக்கு ஆண்டர்சன்பேட்டை ஜெயம்மாவைப் பதிவு செய்தாள். இந்த ஊரில் யாரும் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தமாட்டார்கள். ஜெயம்மாவும் குடியிருக்கும் வீட்டு வரிசையான லைன், வேலை தேடிப் போய்த் திரும்பாத புருஷன் சம்பங்கி, அவர் சுரங்கத்துக்குள் இறங்கிய ஷாஃப்ட், பார்த்த ஷிப்ட் எல்லாம் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினார். விதிப்படி ஐடா அத்தனையையும் வெட்டினாள். மிஞ்சியதை அவருக்கே போட்டுக் காட்டினாள்: "வூட்டுக்குப் பச்ச பெயிண்ட் அடிச்சிட்டோம். வேற வூடுன்னு திரும்பிப் போயிடாதீங்க."

"இன்னா பாப்பா, என் பேரக் காணோம்?"

"எல்லாரும் கேக்கப் போறாங்க ஆன்ட்டி. உங்க பாதுகாப்புக்குத்தான்."

"அந்த எல்லாருல அவரும் இருப்பாரில்ல? காணாமப் போனவங்க போஸ்டர்ல மூஞ்சிய மறைச்சி ஒட்டுவியா நீ?"

"உங்க குரல் அவருக்குத் தெரியாதா?"

"குரலு கெழடாயிடுச்சி. பேருதான் அப்டியே கீது."

ஐடா தயங்கித்தான் கேட்டாள். "அங்க அவருக்கு வேற குடும்பம் இருந்தா?"

"இருந்தா இருக்கட்டும். அதுங்களும் கேக்கட்டும்."

3

முடிவு ஒன்று: 'பெயர்கள் நீக்கப்படும்' என்று ஐடா எழுதுகிறாள். நிதி வருகிறது. யாரோ ஒரு பெண் யாரையோ கூப்பிடும் குரலை உலகமே கேட்கிறது.

முடிவு இரண்டு: 'விரும்பினால் பெயர் இருக்கும்.' சம்பங்கியின் சம்மதம் எங்கே என்று நிதி தரும் குழு கேட்கிறது. அதை வாங்க முதலில் சம்பங்கி கிடைக்கவேண்டும்.

முடிவு மூன்று: எதிர் இருக்கையில் ஒரு கிழவர், காதில் இயர்போன், திடீரென்று விம்மி

இந்த வரியை அடித்துவிட்டேன். இப்படி முடிப்பது வாரப்பத்திரிகைப் பழக்கம். ஜெயம்மா இதைப் படித்தால் தினமும் ஸ்டேஷனில் வந்து நிற்பார்.

4

இறங்கும்போது ஐடா கேட்டாள். "கதையில நீங்களும் அவங்க பேர மாத்திடுவீங்க, இல்ல சார்?" அவள் வரி அப்போதும் முடியவில்லை.

அச்சுக்குப் போகும் இந்த நிமிடம் வரை நான் பெயரை மாற்றவில்லை. எங்கோ ஒரு வெளியூர்க் கடையில் இந்த இதழைப் புரட்டிக்கொண்டிருக்கும் பெரியவரே, இதற்குமேல் முடிவை நீங்கள்தான் எழுதவேண்டும்.