ரூபன் பார்க்கட்டும்

கங்கா அப்பாவின் இடது காலுக்கு வெள்ளை சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். பக்கவாதம் வந்த நாளிலிருந்து அந்தக் காலின் விரல்கள் உள்பக்கம் மடங்கிக் கிடந்தன. குதிகாலைத் தேய்த்துவிட்டால்தான் கொஞ்சம் நிமிரும். இனி எங்கே நிமிரப்போகிறது? தெரிந்தும் தேய்த்தாள். கை கேட்கவில்லை.

சித்தப்பா பின்னாலிருந்து தோளைத் தட்டினார்.

"நவுரும்மா. ரூபன் லைன்ல கீறான். அப்பா மூஞ்சியக் காட்டணும்."

பாதி மாட்டிய சாக்ஸோடு எழுந்து நகர்ந்தாள். செல்போனுக்குள் தம்பி குவைத்தில் உட்கார்ந்து அழுதான். அவனுக்காகத்தான் நேற்று முழுக்க அப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். காலையில் லீவு கிடைக்கவில்லை என்றான். ஒருத்தராவது முகம் சுளிக்கணுமே! "பாவம், புள்ள இன்னா பண்ணுவான்" என்று அவனுக்கே ஆறுதல் சொன்னார்கள். போன மாசம் அப்பா கட்டிலிலிருந்து விழுந்தபோது கங்கா ஒரகடம் கம்பெனியில் ஷிப்டில் இருந்தாள். சூப்பர்வைசரிடம் கெஞ்சி, அசெம்ப்ளி லைனை விட்டு ஓடிவந்தாள். அன்றைக்கு இதே வாய்கள்தான் "அப்பனைத் தனியா வுட்டுட்டு சம்பாதிக்கப் போயிட்டா பாரு" என்றன.

பாஸ்டர் வந்தார். பாட்டு முடிந்து இரண்டு வார்த்தை பேசினார். அந்த இரண்டு வார்த்தையும் ரூபனைப் பற்றித்தான்.

"அருளப்பன் ஐயா எப்பப் பாத்தாலும் இதைச் சொல்லுவாரு. ரூபன்னா எபிரேய பாஷையில 'பாருங்க, ஒரு மகன்!'னு அர்த்தம். வேதத்துல லேயாள் தன்னோட மூத்த புள்ளைக்கு வெச்ச பேரு. புருஷன் இனிமேலாவது நம்மளத் திரும்பிப் பாப்பாருன்னு ஆசையா வெச்ச பேரு."

கூட்டம் தலையாட்டியது. யாருக்குத் தெரியாது? கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நின்ற காலத்தில் அப்பா லாரி டிரைவர்களைக்கூட விட்டுவைக்கவில்லை. "எம்பையன் பேரு ரூபன். அர்த்தம் தெரியுமா?" என்று பிடித்துக்கொள்வார். பிள்ளைப்பாக்கத்தில் கங்கா ஓவர்டைம் பார்த்துப் பார்த்து எழுப்பிய இந்த வீட்டு வாசலிலும் 'ரூபன் இல்லம்' என்றுதான் டைல்ஸ் பதித்தார்.

கங்காவுக்குக் கங்கம்மாள் என்ற முழுப்பேர் எப்படி வந்தது? பிரசவம் பார்த்த நர்ஸ், குழந்தைக்கு என்ன பேர் வைக்கப்போகிறீர்கள் என்று கேட்டாராம். "பொட்டப்புள்ளதானே, ஒங்க பேரையே வெச்சிக்கிறேன்" என்றாராம் அப்பா. நர்ஸ் பேர் கங்கம்மாள். இதை அவரே சிரித்துச் சிரித்துச் சொல்வார். சின்ன வயதில் கங்காவும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

பெட்டியை எடுப்பதற்கு முன்னால் சித்தப்பா அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மொதப் பிடி மண்ணு மகன் போடறதுதான் நம்ம வழக்கம். ரூபனுக்குப் பதிலா நம்ம ஆமோஸ் போடுவான். நீ போனைப் புடிச்சிக்கினு நில்லு. ரூபன் பாக்கட்டும்."

ஆமோஸ் சித்தப்பாவின் மகன். படப்பையில் பைக் கடை வைத்திருக்கிறான். அப்பா படுத்த பிறகு ஒருநாள்கூட இந்த வாசப்படி மிதித்ததில்லை.

"நான் போடறேன் சித்தப்பா."

"அப்பறமா போடு, யாரு வாணான்னா? மொதல்ல மகன் கை."

"மகன் எங்க கீறான்?"

"அதான் போன்ல கீறானே!"

கங்காவுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையைவிட மோசமான சிரிப்பு. பாஸ்டரைப் பார்த்தாள். அவருக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது. தொண்டையைச் செருமினார். ஒரு வார்த்தை சொல்வார் என்று நம்பினாள்.

"நேரமாகுது, கெளம்பலாமா?" என்றார்.

கல்லறைத் தோட்டத்தை ஒட்டி ஒரு கம்பெனியின் மதில். அந்தப் பக்கம் மெஷின்கள் நிற்காமல் இரைந்துகொண்டிருந்தன. கயிறு பிடித்துப் பெட்டியை இறக்கினார்கள். குழியின் விளிம்பில் கங்கா போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

"அக்கா, கொஞ்சம் கீழ காட்டு. பெட்டி தெரில."

காட்டினாள்.

"கை ஆடுதுக்கா. ஸ்டெடியாப் புடி."

ரெண்டு வருஷமாக அப்பாவைப் புரட்டிப் போட்டு, கழுவி, துடைத்து, ஊட்டிய கை. அன்றைக்கெல்லாம் ஆடாத கை. பல்லைக் கடித்துக்கொண்டு போனை இரண்டு கையாலும் பிடித்தாள்.

ஜெபம் முடிந்தது. ஆமோஸ் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தான். குனிந்து மண்ணை அள்ளியவன் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

"பெரியப்பா தல எந்தப் பக்கம்பா கீது?"

கங்கா போனை மண்மேட்டில் மல்லாக்க வைத்தாள். புடவையை இழுத்துச் செருகினாள். குனிந்து, கை கொண்ட மட்டும் மண்ணை அள்ளினாள்.

"கங்கா! இன்னா பண்றே நீ?"

"எங்கப்பனுக்கு நான் போடறேன்."

"எல்லாரும் பாக்கறாங்கடி!"

"பாக்கட்டும்."

மண் பெட்டியின்மேல் விழுந்தது. எதிர்பார்த்ததைவிடப் பெரிய சத்தம். மதிலுக்கு அந்தப் பக்கத்து இரைச்சலைத் தாண்டி எல்லாருக்கும் கேட்டது. ஆமோஸ் கையில் மண்ணோடு அவளையும் தன் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஒரு அடி பின்னால் போய் அவளுக்குப் பின்னே நின்றுகொண்டான்.

மண்மேட்டிலிருந்து குரல் வந்தது.

"அக்கா... அக்கா, வெறும் வானந்தான் தெரிது. மண்ணு போட்டாச்சா? யாரு போட்டது?"

கங்கா இரண்டாவது பிடிக்குக் குனிந்தாள்.