கேட்டில் அலறிய போன்கள்

காலை ஆறு மணி ஷிப்டுக்கு வந்தவர்கள் மழையில் வரிசையாக நின்று போன்களைக் கொடுத்தார்கள். காக்கிச் சட்டையைப் புடவைமேல் மாட்டியிருந்த கேட் காவல்காரி கங்கம்மா ஒவ்வொன்றாக வாங்கித் துடைத்து, எண் போட்ட மரப்பெட்டிக் குழிகளில் வைத்து, அதே எண்ணுள்ள தகர வில்லையை நீட்டினாள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கும் அந்தக் கம்பெனிக்குள் போன் போகக் கூடாது. போன வருஷம் உலையடியில் ஒருவன் வெந்து கிடந்ததை இன்னொருவன் படம் பிடித்து அனுப்பிய நாளிலிருந்து அப்படி.

"இன்னாக்கா, ஸ்கூலுக்கெல்லாம் லீவு உட்டாங்க. நமக்கு மட்டும் புயலு வராதாமா?" என்றான் ஜெகன்.

"நீ இன்னா ஸ்கூலா படிக்கிற? உள்ள போடா."

"ரெட் அலர்ட்டுன்றான்க்கா."

"போன தபாவுந்தான் சொன்னான். கொடைய தூக்கிக்கினு வந்தேன், வெயிலு மண்டையப் பொளந்துச்சு."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. ஜெகன் சிரிக்கவில்லை. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துக்காரன் அவன். வலையில் மீன் குறைந்துபோய், மூன்று வருஷமாக உலையடியில் நிற்கிறான்.

"நெசமா சொல்றேன். எங்க நைனா தண்ணில இருக்கசொல்ல காத்து மாறுச்சுன்னா, கரையில ஒருத்தன் நின்னுக்கினு துண்ட ஆட்டுவான், திரும்பி வந்துருன்னு. போன்ல அந்த அபாயச் சத்தம் வந்துச்சுன்னா நீ உள்ள வந்து ஒரு சவுண்டு உடு. கூரைல எட்டு போல்ட்டு இல்ல. கொதிக்கிற இரும்புல தண்ணி எறங்கிச்சுன்னா வெடிதான், ஒருத்தன் மிஞ்ச மாட்டான்."

"சரி, சொல்றேன்."

"சத்தியமா?"

"உம்மேல சத்தியமா. பேஜாரு பண்ணாம போடா."

இருபத்தேழாம் வில்லையை இடுப்பில் செருகிக்கொண்டு போனான்.

பத்து மணிக்கு லாரிச் சீட்டில் குத்தும் ரப்பர் ஸ்டாம்புக்கு மை காய்ந்துவிட்டது. புட்டியைச் சாய்த்தபோது காற்று கேட் அறை ஜன்னலை அறைந்தது. ஊதா மை அவள் கட்டைவிரல் முழுக்கக் கொட்டியது. சேலையில் தேய்த்தாள், போகவில்லை; மழை ஈரத்தில் காயவும் இல்லை.

பதினொன்றேகாலுக்கு மரப்பெட்டி அலறியது.

நாற்பத்து மூன்று போன்களும் ஒரே நேரத்தில் ஊளையிட்டன. பெட்டி மேசைமேல் அதிர்ந்து நகர்ந்தது. ஊளை ஓய்ந்த இடைவெளியில் ஒரு பெண் குரல் படித்தது: கடும் சூறைக்காற்று, தகரக் கூரைக் கட்டடங்களை விட்டு உடனே வெளியேறவும். ஒன்று படித்து முடிக்குமுன் அடுத்தது தொடங்கியது.

கங்கம்மா வாசலுக்கு ஓடினாள். எதிரே மேனேஜர் மணவாளன் முறிந்த குடையோடு வந்துகொண்டிருந்தார்.

"இன்னாம்மா இது சத்தம்? ஹெட் ஆபீஸ்ல பேசிக்கினு இருக்கேன்."

"புயலு சார். தகரத்துக்கு அடியில நிக்காதீங்கன்னு படிக்குது. உள்ள ஒரு குரல் குடுத்துட்டு வந்துர்றேன்."

"குடுத்துட்டு? உலையில பன்னெண்டு டன்னு கொதிக்குது. பாதில உட்டா உறைஞ்சி உலையே போயிடும். உங்கப்பனா வாங்கித் தருவான்? முக்கா மணில ஊத்தி முடிச்சிருவானுங்க. அப்பறம் நானே அனுப்பறேன்."

"அதுக்குள்ள கூரை..."

"கேட்ட உட்டு ஒரு அடி எடுத்து வச்ச, ஏஜென்சிக்குப் பேசிருவேன். நாளைக்கு வேற ஆளு நிக்கும். மொதல்ல இத நிறுத்து."

"அவங்க போனு சார். பூட்டு போட்டு வச்சிருக்காங்க."

"பூட்டத் தெறக்க வேணாம். மேலயே ஓகேன்னு இருக்கு பாரு. அமுத்து."

அமுக்கினாள். ஒரு குரல் நின்றது. கண்ணாடியில் ஊதாப் பொட்டு ஒன்று விழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. மணவாளன் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தேழாம் குழியில் இருந்த போனில் ஜெகனின் பெண்டாட்டி ரோஜா இரண்டு வயதுக் குழந்தையோடு சிரித்தாள்.

"இன்னா பாத்துக்கினு நிக்கிற?"

அமுக்கினாள்.

நாற்பத்து மூன்றும் அடங்கின. அவர் அந்தப் பக்கம் போனதும் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. காற்று வந்துவிட்டது.

எதிர்க் கம்பெனி மதில் படுத்தது. ஷெட்டின் வடக்கு மூலையில் ஒரு தகடு படபடவென்று அடித்துக்கொண்டு, ஆணிகளைப் பிய்த்துக்கொண்டு எழும்பி, விளக்குக் கம்பத்தில் பாய்ந்து அதை இரண்டாக அறுத்தது. கங்கம்மா கேட்டைத் திறந்துபோட்டு ஓடினாள். பத்தடியில் காற்று அவளைப் பிடித்துத் தரையில் அடித்தது. உதட்டில் ரத்தம். எடைமேடைக் கம்பியைக் கட்டிக்கொண்டு எழுந்தாள்.

"ஜெகா! வெளிய வாடா!"

குரல் வாயைத் தாண்டவில்லை. காக்கிச் சட்டையைக் கழற்றித் தலைக்குமேல் ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

ஷெட் வாசலில் நின்றிருந்த ஜெகன் பார்த்துவிட்டான். ஒரு கையைத் தூக்கிக் காட்டினான். ஓடிவரவில்லை, உள்ளே திரும்பி, மற்றவர்களைக் கைதட்டி விரட்டினான். ஆட்கள் அவன் பக்கமாக வெளியே பாய்ந்தார்கள். அவனும் ஒரு காலை வெளியே வைத்தான். அப்போது கூரை நடுவில் பிளந்து, தேங்கியிருந்த மழைநீர் மொத்தமும் உலைக்குள் இறங்கியது.

வெடித்தது. வெள்ளை நெருப்பு வாசல் வழியாகத் துப்பியது. உருகிய இரும்பு மழையோடு மழையாகத் தரையில் விழுந்து சீறியது. உடம்பில் தீயோடு ஓடி வந்த ஒருவன் சேற்றில் விழுந்து உருண்டான். ஜெகன் விழுந்த இடத்திலேயே கிடந்தான். இடுப்பில் தகர வில்லை வெந்த தோலோடு ஒட்டியிருந்தது.

மறுநாள் வெயில் சுள்ளென்று அடித்தது. விடிவதற்குள் மரப்பெட்டியைக் கிடங்குக்குத் தூக்கிவிட்டார்கள். 'போன் அனுமதி இல்லை' என்ற பலகையைக் கங்கம்மாவே கழற்ற வேண்டியிருந்தது. சுவரில் நாலு ஆணி ஓட்டைகள் மிஞ்சின.

விசாரணைக்கு வந்த அதிகாரி அவள் மேசையிலேயே உட்கார்ந்தார். ரோஜா குழந்தையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆளுங்களுக்கு முன்னாடியே சொன்னீங்களா?"

"ஒவ்வொருத்தன் போனுக்கும் வந்துச்சு சார்" என்றார் மணவாளன். "இது அவன்து. சட்டையோட கழட்டி வச்சிருந்தான். அம்மா, இந்தப் பூட்ட எடும்மா."

ரோஜா விரலால் கோடு இழுத்துத் திறந்தாள். "பகல்ல இவுரு போனே எடுக்க மாட்டாரே சார்" என்றாள்.

மணவாளன் தேடி எடுத்துக் காட்டினார். "பாருங்க, பதினொன்னே கால். ஓகே அமுத்துனாத்தான் இது போவும். பாத்துட்டு அமுத்தியிருக்கான்."

"பாத்தியா?" ரோஜா போனைப் பார்த்துக் கேட்டாள். "பாத்துட்டுமாய்யா உள்ள நின்ன?"

"சார், அது வந்து..." கங்கம்மா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"கங்கம்மா, சாருக்கு டீ சொல்லு."

அதிகாரி போனை வெளிச்சத்துக்குத் திருப்பினார். எழுத்தின்மேல் ஊதாவாக ஏதோ படிந்து மறைத்தது. வாயால் ஊதி, கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்தார். கைக்குட்டையை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, நேரத்தைப் பார்த்து எழுதத் தொடங்கினார்.