ஐஸ்கிரீம் நாய்

முதுகுப் பக்கத்து ஜிப்பைக் கழுத்து வரை ஏற்றிவிட்டு, நாய்த் தலையைத் தூக்கிப் புருஷனின் தோள்மேல் பொருத்தினாள் பலூன்காரி. காலையிலிருந்து இது நாலாவது முறை. பஞ்சு அடைத்த உடுப்பு உள்ளே சொதசொதவென்று ஊறிக் கிடந்தது. வேன் நிழலிலேயே அப்படி என்றால் வெளியே கேட்க வேண்டாம். வெறுங்காலை வைக்க முடியாமல் மணல் கொதித்தது.

"இன்னும் ரெண்டு வாய் தண்ணி குடிச்சிருக்கலாம்ல?"

"குடிச்சா ஒண்ணுக்கு வரும். அதுக்கு ஒரு தடவ இத்தனையும் கழட்டணுமா?" நாயின் வாய்க்குள்ளிருந்து அவர் குரல் அடங்கி வந்தது.

தொழிலில் அவருக்குக் கரடி என்று பெயர். முதலில் போட்ட வேஷம் அது. பிறகு முயலாக, பற்பசையாக எல்லாம் நின்றுவிட்டு இப்போது ஐஸ்கிரீம் கம்பெனியின் புள்ளி நாய். "கரடி நாயா வந்திருக்குடோய்" என்று வேன் டிரைவர் தினமும் ஒரே ஜோக்கைச் சொல்லித் தினமும் தானே சிரிப்பார்.

நாய் பேசக்கூடாது. குழந்தைகள் பார்க்கத் தலையைக் கழற்றக்கூடாது. கழற்றினால் சீட்டுக் கிழிந்துவிடும். சிங்கம் போட்டவர் அப்படித்தான் வீட்டுக்குப் போனார். அதனால் புருஷனும் பெண்டாட்டியும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். முடியவில்லையென்றால் அவர் இருக்கிற இடத்திலேயே உட்கார்ந்துவிடுவார். அவள் ஓடிவந்து கையைப் பிடித்து வேனுக்குப் பின்னால் கூட்டிப்போவாள். ஆறு மாதமாக அது தப்பியதில்லை.

இன்றைக்கென்று சூப்பர்வைசருக்குப் புது யோசனை உதித்தது. குழந்தை விரலை நீட்டி 'டுமீல்' என்றால் நாய் தொப்பென்று உட்கார்ந்து, சாய்ந்து, செத்துப்போக வேண்டும். பத்து எண்ணியதும் எழுந்து வாலை ஆட்ட வேண்டும். விடுமுறை நாள், கடற்கரையில் எள் விழ இடமில்லை. பிள்ளைகள் வரிசையில் நின்று சுட்டார்கள்.

"சார், மணி ஒண்ணாகுது. கொஞ்சம் நிழலுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"இந்த வரிசை முடியட்டும்மா. கம்பெனி ஆளுங்க மூணு மணிக்கு வராங்க. கலைஞ்ச கூட்டத்த யாரு சேக்கறது, நீயா?"

அவள் பலூன் கயிறுகளைக் கையில் சுற்றிக்கொண்டு வரிசையோரம் போய் நின்றாள்.

மஞ்சள் தொப்பி போட்ட சிறுமி சுட்டாள். நாய் உட்கார்ந்தது, பக்கவாட்டில் சாய்ந்தது. பத்து எண்ணியும் எழுந்திருக்கவில்லை. கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. நாய் என்னமாய் நடிக்கிறது என்றார்கள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார்கள். பலூன்காரியும் சிரித்தபடிதான் நின்றாள். நாயின் கால் மணலில் வெட்டி வெட்டி இழுப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

பலூன்களை விட்டுவிட்டு ஓடிப்போய்த் தலையைப் பிடுங்கினாள். பிள்ளைகள் வீறிட்டு அழுதார்கள். முகம் கன்றிச் சிவந்து, கண் செருகிக் கிடந்தார். ஒரு சொட்டு வியர்வை இல்லை. நெற்றி அடுப்பில் கிடந்த சட்டியாகச் சுட்டது.

சூப்பர்வைசர் ஓடிவந்து பெரிய குடையை விரித்துப் பிடித்தார். நிழலுக்கென்றுதான் அவள் நினைத்தாள். குடை வெயிலை மறைக்கவில்லை, கூட்டத்தைத்தான் மறைத்தது.

வேனுக்குப் பின்னால் இழுத்துப்போய் உடுப்பைக் கழற்றி, ஐஸ்கிரீம் பெட்டியிலிருந்த ஐஸை அள்ளிக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தாள். டிரைவர் ஆம்புலன்ஸுக்கு அடித்தார். ரோடு அடைத்துக் கிடக்கிறது, முக்கால் மணி ஆகும் என்றார்கள்.

"வேன்ல ஏத்துங்க சார். குறுக்குத் தெருவுல போனா பத்து நிமிஷம்."

சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அனுப்பறேன். நானும் மனுஷன்தான். ஆனா கூட்டம் கலையறதுக்குள்ள இங்க நாய் நிக்கணும், மூணு மணி வரைக்கும். இல்லேன்னா எனக்கும் வேல இல்ல, டிரைவருக்கும் இல்ல." கீழே கிடந்த உடுப்பைக் காலால் நகர்த்தினார். "நீயும் அவர் உயரந்தானம்மா?"

"நான் அவர்கூடப் போகணும் சார்."

"தாராளமாப் போ. ஆம்புலன்ஸ் வந்ததும் போ. வேன் இங்க நிக்கட்டும்."

டிரைவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார். தரையில் கரடியின் மூச்சு கொர்கொர்ரென்று இழுத்தது. சூப்பர்வைசரின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. குனிந்து உடுப்பை எடுத்து ஒரு காலை நுழைத்தாள். அதைப் பார்த்ததும் சூப்பர்வைசர் தலையசைக்க, டிரைவர் கரடியை அள்ளி வேனில் கிடத்தினார்.

"அண்ணே, எங்கயும் நிக்காதீங்க. கண்ணு முழிச்சுக் கேட்டாருன்னா, நான் பின்னாடியே வரேன்னு சொல்லுங்க."

உள்ளே அவருடைய வியர்வை இன்னும் சூடாக இருந்தது. வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள், நாயின் வாய்த் துளை வழியே மணல் மட்டும்தான் தெரிந்தது. சூப்பர்வைசர் தோளைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டார்.

நாய் வெளியே வந்ததும் பிள்ளைகளின் அழுகை நின்றது. யாரோ கைதட்டினார்கள். மஞ்சள் தொப்பிச் சிறுமி ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள்.

"பாத்தியா," என்றாள் அவள் அம்மா, போனைத் தூக்கிப் படமெடுத்தபடி. "நாய்க்கு ஒண்ணும் ஆகலன்னு சொன்னேன்ல?"